சம்பந்தியம்மா, மிளகாய்த்தூள் வாங்க வேண்டாம்

புச்சோன்,
அக்டோபர் நடு வாரம், மழையில்லாத நாள்

மதிப்புக்கும் வணக்கத்துக்கும் உரிய குன்சான் சம்பந்தியம்மா அவர்களுக்கு, தங்கள் மருமகள் சோதாமின் தகப்பன் பாங் ஜின்தேக் தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது.

காலையிலும் மாலையிலும் குளிர் தட்டத் தொடங்கிவிட்ட இந்த நாட்களில் தாங்களும் தங்கள் வீட்டு ஐயாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஐயாவின் முழங்கால் வலி இப்போது எப்படி? சூசோக் பண்டிகைக்குத் தாங்கள் அனுப்பிவைத்த கருவாட்டுக் கட்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. தனி ஆளுக்கு அது அதிகம்தான், ஆனாலும் தாங்கள் அனுப்பியது என்பதால் ஒரு வால் மிச்சமில்லாமல் தின்றுவிட்டேன். இங்கே நானும் நலம், மொட்டை மாடியும் நலம்.

இந்தக் காலத்தில் ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று தாங்கள் நினைக்கலாம். ஃபோனில் நாம் இருவரும் பேசிய லட்சணம் தங்களுக்குத் தெரியும். நான் "தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்பேன், தாங்கள் "இல்லையில்லை, நான்தான் முதலில் கூப்பிட்டிருக்கணும்" என்பீர்கள், நான் அதற்கும் மன்னிப்புக் கேட்பேன், இப்படியே போய் இரண்டு பேரும் யார் முதலில் வைப்பது என்று தெரியாமல் மூச்சுவிடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்போம். சொல்ல வந்த விஷயம் சொல்லாமலே போகும். மகளிடம் சொல்லி அனுப்பினாலோ, என் கோபத்தையெல்லாம் வடிகட்டிவிட்டு "அப்பா உங்களை விசாரிச்சாங்க அத்தை" என்று மட்டும் சொல்வாள். ஆகவே கடிதம்.

விஷயம் இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை சோதாம் கூப்பிட்டாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்றெல்லாம் கேட்டுவிட்டு, போகிற போக்கில், "அத்தை இந்த வருஷம் கிம்ஜாங்குக்கு மிளகாய்த்தூள் கடையிலயே வாங்கிக்கிறாங்களாம்ப்பா. நீங்க சிரமப்பட வேணாம்னாங்க" என்றாள். குளிர்காலத்துக்கு முந்தி வீடு வீடாகக் கிம்ச்சி ஊறுகாய் போடுகிற காலம் நெருங்குகிறது, தங்கள் கணக்கு தங்களுக்கு இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். தாங்கள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் 'சிரமப்பட வேண்டாம்' என்ற வார்த்தை இருக்கிறதே, அது அன்று இரவு முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை. இந்தக் கடிதம் முடியும்வரை மரியாதையாகத்தான் எழுதப்போகிறேன். ஆனாலும் ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாங்காதீர்கள். ஒரு கரண்டிகூட வாங்காதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். சோதாமுக்கும் தங்கள் மகன் கிஜுனுக்கும் கல்யாணம் பேச இரு வீட்டாரும் அந்த உணவகத்தில் முதன்முதலாக உட்கார்ந்தோமே, நினைவிருக்கிறதா? எதிரும் புதிருமாக உட்கார்ந்து, சின்னச் சின்னத் தட்டுகள் வந்துகொண்டே இருக்க, யாரும் பேசவில்லை. பிள்ளைகள் இரண்டும் மேசைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் வேலையில் இருந்த காலமெல்லாம் ஓட்டுநர் உரிமத் தேர்வில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து மதிப்பெண் கழித்தவன். எத்தனையோ பேரை வாயே திறக்காமல் அழவைத்திருக்கிறேன். ஆனால் அன்று அந்த அமைதி என்னாலேயே தாங்க முடியவில்லை. முள்ளங்கிக் கிம்ச்சித் தட்டைப் பார்த்து, "இந்தச் சிவப்பெல்லாம் ஒரு சிவப்பா? எங்கள் வீட்டு மிளகாய்த்தூளைப் பார்க்க வேண்டும். என் மனைவி மியோங்ஓக் மொட்டை மாடியில் தானே வளர்த்து, வெயிலில் காயவைத்து அரைப்பது. இனி வருடாவருடம் தங்கள் வீட்டுக் கிம்ஜாங்குக்கு மிளகாய்த்தூள் எங்கள் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன். மேசைக்கடியில் என் மனைவி என் காலை ஓங்கி மிதித்தாள். பெருமை தாங்க முடியாமல் மிதிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். உடனே தாங்கள், "அப்படியென்றால் சோயா விழுது எங்கள் பொறுப்பு. எங்கள் வீட்டுச் சாடியில் நானே போடுவது" என்றீர்கள். அந்த நேரம் பார்த்து ஐயாவுக்கு இருமல் வந்து தண்ணீர் கேட்டார். மீன் முள் மாட்டிக்கொண்டது என்று தாங்கள் சொன்னீர்கள். அன்றிலிருந்து தூள் தெற்கே வந்தது, விழுது வடக்கே வந்தது, ஒரு வருடம் தவறியதில்லை.

போன குளிர்காலத்தில் மியோங்ஓக் போய்விட்டாள். சாவு வீட்டில் மூன்று நாளும் தாங்கள் உட்காராமல் நின்று வந்தவர்களுக்குச் சூப் ஊற்றியதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். ஆனால் அவள் போனதனால் அந்த வீட்டிலிருந்து வர வேண்டியதும் நின்றுபோகும் என்று தாங்கள் நினைத்தீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவள் கையால் வைத்துப் பழகிய பதினொரு வெள்ளைத் தெர்மகோல் பெட்டிகள், மீன் சந்தையிலிருந்து வாங்கி அடியில் ஓட்டை போட்டவை, அப்படியே மொட்டை மாடியில் வரிசையாக இருக்கின்றன. மண் இருக்கிறது. வெயில் இருக்கிறது. நான் இருக்கிறேன். இதில் என்ன குறை?

குறை வந்தது உண்மைதான். யாரோ தங்களுக்கு அரைகுறையாகச் சொல்லித்தான் தாங்கள் கடையில் வாங்க முடிவெடுத்திருக்கிறீர்கள். அதனால் நடந்ததை நானே முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில், நட்ட நாள். ஏப்ரலில் மரம் நடும் நாள் வருகிறது. நடுவதற்கென்றே அரசாங்கம் ஒரு நாளைக் குறித்து நாடு முழுக்க நடச் சொல்லும்போது, சட்டத்தை மதிக்கிற ஒரு மனிதன் அன்றைக்கு நடாமல் வேறு என்றைக்கு நடுவான்? காலையிலேயே சந்தைக்குப் போய் நாற்று வாங்கிவந்து, கையுறை போட்டு, அளவுகோல் வைத்து, இடைவெளி பார்த்து நட்டேன். அந்த வாரமே உறைபனி விழுந்தது. காலையில் போய்ப் பார்த்தால் ஒன்றுவிடாமல் கீரை வதக்கினாற்போலச் சுருண்டு கிடந்தன. துணி காயப்போட வந்த மூன்றாம் மாடிப் பியோ அம்மாள், என் மனைவியின் சிநேகிதி, இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார்.

"மே மாசம் குழந்தைகள் தினம் போகட்டும், அப்புறம்தான் மிளகாய் நடணும்னு உங்க வீட்டம்மா வருஷா வருஷம் சொல்லுவாங்களே, சோதாம் அப்பா. ஒரு தடவகூடக் காதுல விழலியா?"

நடுவதற்கு அரசாங்கம் ஒரு நாள் வைத்திருக்கிறது என்று நான் விளக்கினேன்.

"அது மரத்துக்கு" என்று சொல்லிவிட்டு அவர் துணியை உதறினார்.

அவர் உதறிய தண்ணீர் என் மூக்குக் கண்ணாடியில் தெறித்தது. நான் அசரவில்லை. குழந்தைகள் தினம் முடிந்த மறுநாளே மறுபடி சந்தைக்குப் போனேன். நாற்றுக்காரர், காயவைக்கிற மிளகாயா, பச்சையாகக் கடித்துத் தின்கிற மிளகாயா என்று கேட்டார். மிளகாயில் அப்படி இரண்டு ஜாதி உண்டென்று அன்றைக்குத்தான் தெரியும். தெரியவில்லை என்று ஒரு நாற்றுக்காரரிடம் சொல்வதற்கு என் வாய் வரவில்லை. "எல்லாம்தான்" என்றேன். அவரும் எல்லாவற்றையும் கொடுத்தார். காயவைப்பது கொஞ்சம், சுருக்கம் விழுந்த சின்ன மிளகாய் கொஞ்சம், கடித்தால் வெள்ளரிக்காய் மாதிரி நறுக்கென்று இருப்பது கொஞ்சம், கடித்தால் காதிலிருந்து புகை வருகிற சோங்யாங் மிளகாய் கொஞ்சம். கூடவே லெட்யூஸ் கீரை நாற்றும் ஒரு பூசணி நாற்றும் இலவசமாகத் தந்தார். இலவசம் என்றதும் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வருவதற்குள் பேருந்தில் எல்லாம் கலந்துவிட்டன. நான்கும் ஒரே மாதிரிப் பச்சையாக இருந்ததால், காய்க்கட்டும், பிறகு விசாரித்துக்கொள்ளலாம் என்று நட்டுவிட்டேன். விசாரணை பியோ அம்மாளின் வாயில்தான் நடந்தது. நல்ல மிளகாய் என்று நான் நீட்டியதை நம்பி, விழுதில் தோய்த்து ஒரே கடியாகக் கடித்துவிட்டார். அதற்குப் பிறகு நான்கு நாள் அவர் என்னோடு பேசவில்லை, பேச முடியவில்லை என்றும் சொல்லலாம்.

மிளகாய் வளர்கிறதோ இல்லையோ, லெட்யூஸ் இலை வளர்ந்தது பாருங்கள், அம்மா. காலையில் பறித்தால் சாயங்காலம் மறுபடி அங்கேயே நிற்கிறது. மூன்று வேளையும் சோற்றை இலையில் சுருட்டித் தின்றேன். முடியவில்லை. கறுப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டு இந்தக் கட்டிடத்தில் உள்ள எல்லார் வீட்டுக் கதவுக் கைப்பிடியிலும் மாட்டினேன். முதல் வாரம் எல்லாரும் நன்றி சொன்னார்கள். இரண்டாம் வாரம் படியில் என் செருப்புச் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்தார்கள். ஒருநாள் என் வீட்டுக் கைப்பிடியிலேயே ஒரு கறுப்புப் பை தொங்கியது. யாரோ நன்றிக்கு ஏதோ வைத்திருக்கிறார்கள் என்று திறந்தால் உள்ளே என் இலைதான். அந்த இலவசப் பூசணியோ, நான் மிளகாயையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மொட்டை மாடிச் சுவரைத் தாண்டிக் கீழே இறங்கி, மூன்றாம் மாடி ஏசியின் வெளிப்பெட்டியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, அதன் தலையில் ஒரு காயையும் வைத்துவிட்டது. பியோ அம்மாள் சன்னலைத் திறந்து அதை அறுத்து, மாவில் தோய்த்துச் சுட்டு, ஒரு தட்டில் எனக்கே கொண்டுவந்து கொடுத்தார். என் பூசணியை எனக்கே பரிமாறியதற்கு நானே எழுந்து நின்று நன்றி சொன்னேன். உப்பு குறைவாக இருந்தது.

இனி சொல்லப்போவது தங்கள் மகன் சம்பந்தப்பட்டது. அவர் தங்களிடம் சொல்லியிருக்க மாட்டார், அவ்வளவு நல்ல பிள்ளை. அதனால் நானே சொல்லிவிடுவதுதான் முறை. செடிக்கு உரமாக, அரிசி கழுவிய தண்ணீரில் கொஞ்சம் சர்க்கரையும், முட்டை ஓடு ஊறிய வினிகரும் சேர்த்துப் புளிக்கவைப்பது வழக்கம். அதை நான் மக்கொல்லி என்ற நம் அரிசிக் கள்ளின் காலிப் புட்டிகளில் ஊற்றி வைத்திருந்தேன். அந்தக் கள்ளைப் போலவே வெள்ளையாக, கலங்கலாக, மூடியைத் திறந்தால் லேசாகப் பொங்கும். ஜூன் மாதம் மாப்பிள்ளை தனியாக என்னைப் பார்க்க வந்தார். செடிகளுக்கு நடுவே பாய் விரித்து உட்கார்ந்தோம். மாமனார் என்ற முறையில் நான்தான் ஊற்றிக் கொடுத்தேன். தாங்கள் வளர்த்த பிள்ளையல்லவா, இரண்டு கையாலும் கிண்ணத்தை வாங்கி, பெரியவர் எதிரில் குடிக்கும்போது எப்படி முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டுமோ அப்படித் திருப்பிக்கொண்டு, ஒரே மடக்கில் குடித்தார். முகம் திரும்பியிருந்ததால் அது எப்படி மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பி, "ரொம்ப ஆழமான ருசி, மாமா" என்றார். ருசி தெரிந்த பிள்ளை என்று மகிழ்ந்து இரண்டாவது கிண்ணமும் ஊற்றினேன். அதையும் முகத்தைத் திருப்பிக் குடித்தார். மூன்றாவதை ஊற்றும்போதுதான் புட்டியிலிருந்து முட்டை ஓட்டுத் துண்டு ஒன்று விழுந்தது. மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. அவ்வளவுதான், வேறொன்றுமில்லை, மருத்துவர் பார்த்துவிட்டுச் சுண்ணாம்புச் சத்து கூடியிருக்கும் என்று சொன்னதாகக் கேள்வி. இப்படி ஒரு மகனை வளர்த்ததற்காகத் தங்களுக்கும் ஐயாவுக்கும் இந்தக் கடிதத்தின் வழியாக என் மனமார்ந்த பாராட்டைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

பிறகு அடைமழைக் காலம் வந்தது. மழைத் தண்ணீர் மேலே பட்டுக்கொண்டே இருந்தால் மிளகாயில் கறுப்புப் புள்ளி விழுந்து அழுகிவிடும் என்று வானொலியில் சொன்னார்கள். மழையை நான் நிறுத்த முடியாது, ஆனால் குடை பிடிக்க முடியும். வீட்டில் இருந்த குடைகள், யார் யாரோ அறுபதாம் பிறந்தநாளுக்குக் கொடுத்த குடைகள், நான் ஓய்வு பெற்றபோது கொடுத்த குடை, எல்லாவற்றையும் கொண்டுபோய் பெட்டிக்கு ஒன்றாகக் கட்டினேன். எனக்குக் குடை இல்லை. நனைந்துகொண்டே காவல் நின்றேன். காற்று அடித்தபோது ஒரு குடை செடியோடு பறந்து எதிர்க் கட்டிடத்துக்குப் போய்விட்டது. ஓய்வு பெற்றபோது கொடுத்த குடைதான். தேடப் போகவில்லை. அழுகியதை அறுத்துப் போட்டேன், அழுகாதது நின்றது, நானும் நின்றேன்.

மிச்சம் நின்றது சிவந்தது. பறித்து மொட்டை மாடியில் பாய் விரித்துப் பரப்பினேன். பரப்பினால் மழை வரும், அள்ளினால் வெயில் வரும். ஆகஸ்ட் முழுக்க அந்த வானத்தோடு எனக்கு வழக்கு. கடைசியில் பொறுமை போய், எல்லாவற்றையும் வாரிக்கொண்டுவந்து படுக்கையறைத் தரையில் பரப்பி, தரைக்கடியில் சூடு ஓடும் கொதிகலனை முழு வேகத்தில் திருப்பிவிட்டேன். ஊரெல்லாம் ஏசியில் கிடக்க, என் வீட்டுத் தரையில் முட்டை வேகும். நான் குளியலறையில் படுத்தேன். மிளகாய் நெடி கதவிடுக்கு வழியாகப் படியில் இறங்கி, நான்காம் மாடியில் தொடங்கிய தும்மல் கீழ் வீடுவரைக்கும் போனது. சோதாம் வந்தாள். கதவைத் திறந்ததும் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"என்னப்பா இது? எதுக்குப்பா இப்பிடி உங்களைப் போட்டு வருத்திக்கிறீங்க? அத்தை ஒண்ணும் நெனைக்கமாட்டாங்க. கடையில கிடைக்காத சாமானா இது?"

"கடையில கிடைக்கும். உங்கம்மா வீட்டு மிளகாய்த்தூள் கடையில கிடைக்குமா?" என்று கேட்டேன்.

அவள் வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். நெடியாலா வேறெதனாலா என்று நான் கேட்கவில்லை. எனக்கும் கண்ணில் தண்ணீர்தான். இரண்டு பேரும் நெடி என்று சொல்லிக்கொண்டோம்.

ஆக, காய்ந்த மிளகாய் இப்போது என் எதிரில் துணிப்பையில் இருக்கிறது. காம்பு கிள்ளியாகிவிட்டது. தராசில் வைத்தால் முள் ஒரு கிலோவைத் தாண்டத் தயங்குகிறது, அதை மறைக்கவில்லை. தங்களுக்கு வருடாவருடம் வந்தது ஆறு கிலோ. இதே பதினொரு பெட்டி, இதே மண், இதே வெயில். அவளுக்கு ஆறு வந்தது, எனக்கு ஏன் வராது என்று யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அரைத்தால் பெருகும். அரிசி வெந்தால் பெருகவில்லையா? நாளைக் காலையில் சந்தை முனையில் இருக்கும் மில்லுக்குப் போய் அரைத்து, இந்தக் கடிதத்தோடு சேர்த்துக் கட்டி அனுப்பப்போகிறேன். இதுவரை மில்லுக்கு மியோங்ஓக்தான் போவாள், நான் போனதில்லை. போனால்தான் என்ன?

எனவே சம்பந்தியம்மா, மறுபடியும் பணிவாகவும் உறுதியாகவும் சொல்கிறேன். இந்தத் தூளில் கடைச் சரக்கு ஒரு மிளகாய் இருக்காது, ஒரு விதை இருக்காது. அத்தனையும் எங்கள் மொட்டை மாடியில் விளைந்தது. அவள் எப்படி அனுப்பினாளோ அப்படியே வரும். வாங்கினேன் என்று மட்டும் தாங்கள் என்னிடம் சொல்லக்கூடாது. சொன்னால் நான் அடுத்த வண்டியில் குன்சானுக்கே வந்து அந்தக் கடைத்தூளைக் கிம்ச்சியிலிருந்து கழுவி எடுப்பேன். மரியாதைக் குறைவாக இருந்தால் மன்னிக்கவும், ஆனால் எடுப்பேன்.

ஐயாவின் முழங்காலுக்குத் தரை சூட்டில் ஒத்தடம் நல்லது, அனுபவத்தில் சொல்கிறேன். தங்கள் சாடிகள் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். தங்கள் வீட்டுக் கிம்ச்சி வசந்தம்வரை புளிக்காமல் இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டு ஒற்றுமையாக இருக்க வேண்டும். குளிரில் வெளியே போகும்போது காதை மூடிக்கொள்ளுங்கள்.

தங்கள் அன்பையும் பொறுமையையும் நம்பி நிற்கும்,
பாங் ஜின்தேக்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி, உறையை ஒட்டாமல் வைத்துவிட்டு மில்லுக்குப் போனேன். திரும்பி வந்து இதை எழுதுகிறேன். மேலே எழுதியதைக் கிழித்துப் போடலாம். மாட்டேன். தேர்வுத் தாளில் ஒருமுறை எழுதிய மதிப்பெண்ணை நான் அழித்ததேயில்லை.

மில்லில் நல்லெண்ணெய் வாசனை. மில்லுக்கார அம்மாள் என் பையை வாங்கிக் கையிலேயே எடை பார்த்துவிட்டு, "பாங் வீடுதானே? அக்கா வரலியா?" என்று கேட்டார். போன குளிர்காலத்தில் போய்விட்டாள் என்று சொன்னேன். அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். பிறகு மூலையில் இருந்த ஒரு மூட்டையைக் காட்டினார்.

"உங்களுக்குன்னுதான் எடுத்து வச்சேன். வழக்கம்போல."

"என்ன வழக்கம்?"

"என்னய்யா, தெரியாத மாதிரி கேக்குறீங்க? அக்கா வருஷா வருஷம் மொட்ட மாடி மிளகாய இந்த மாதிரி ஒரு பையில கொண்டாருவாங்க. மிச்சம் என்னோட மூட்டையிலேருந்து போட்டு ஒண்ணா அரைச்சுக் கட்டிக்குவாங்க. ஒரு பங்கு உங்களுது, அஞ்சு பங்கு என்னுது."

நான் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் தொடர்ந்து சொன்னார். முதல் வருடம் மியோங்ஓக் என்னைத் திட்டிக்கொண்டே மில்லுக்குள் வந்தாளாம். எங்க வீட்டுக்காரர் சம்பந்தி வீட்டுல வாயக் குடுத்துட்டு வந்துட்டாரு, காலை மிதிச்சும் நிறுத்தல, பதினொரு பெட்டியில ஆறு கிலோவுக்கு நான் எங்க போவேன் என்றாளாம். அவரிடமே சொல்லிவிடலாமே என்று மில்லுக்கார அம்மாள் கேட்டாராம்.

"அதுக்கு அக்கா என்ன சொன்னாங்க தெரியுமா? 'அந்த மனுசன் உலகத்துல எல்லாத்துக்கும் மார்க்கு கழிப்பாரு. என் மிளகாய்க்கு மட்டும்தான் கழிச்சதில்ல. அதை ஏன் கெடுக்கணும்'னாங்க."

சம்பந்தியம்மா, நான் அந்த மில்லில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கே மிளகாய் நெடி வந்தது. இம்முறை நெடி என்று பொய் சொல்லப்போவதில்லை. என் வாய் கொடுத்த வாக்கை அவள் முதுகில் சுமந்து வருடாவருடம் நான்கு மாடி ஏறியிருக்கிறாள், நான் மேலிருந்து சிவப்பைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். அதே கணக்கில் அரைக்கச் சொன்னேன். மூட்டையைத் தூக்கிக்கொண்டு படி ஏறினேன். மூன்றாம் மாடிக் கதவு திறந்தது. பியோ அம்மாள் மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இங்க ஒரு தடவ எறக்கி வச்சு மூச்சு வாங்கிட்டுப் போங்க, சோதாம் அப்பா. அவங்களும் அப்பிடித்தான்."

இறக்கி வைத்தேன். அவர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

ஆகவே தூள் அவள் அனுப்பியபடியே வருகிறது. ஒரு சிட்டிகைகூட வித்தியாசம் இருக்காது, அதற்கு நான் பொறுப்பு. இதைச் சோதாமிடம் சொல்ல வேண்டாம். தாங்கள் சொல்ல மாட்டீர்கள் என்று நம்புவதற்கு எனக்குக் காரணம் இருக்கிறது. படியில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அந்த உணவகத்தை நினைத்துப் பார்த்தேன். அன்று மேசையில் நிறையத் தட்டுகள் இருந்தன, மீன் மட்டும் வரவேயில்லை, பிறகு முள் எங்கிருந்து வந்திருக்கும்? தங்கள் வீட்டுச் சாடிச் சோயா விழுதைப் பற்றி நான் எந்தக் காலத்திலும் எதுவும் கேட்கப்போவதில்லை. ஐயாவிடமும் சொல்லிவிடுங்கள், நிம்மதியாக இருமட்டும்.

அடுத்த வருடம் பெட்டிகளை இருபதாக்குகிறேன். குழந்தைகள் தினம் கழித்துத்தான் நடுவேன். அதிலும் ஆறு கிலோ வராதென்று எனக்கு இப்போது தெரியும். இருந்தாலும் தாங்கள் கடையில் வாங்க வேண்டாம். வாங்க வேண்டியதை இந்த வீடே வாங்கி அனுப்பும், அதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.